கடல் தாண்டி வரும் வெளிச்சம்

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் காற்றுக்கும் வெயிலுக்கும் குறைவில்லை. சுற்றிலும் தண்ணீர். ஆனால் விளக்கெரிய டீசல் வரவேண்டும். நீரைப் பிளந்து ஐதரசன் எடுக்கும் மலிவான ஊக்கிகளைப் பற்றி உலகம் பேசுகிறது. அந்தப் பேச்சில் எங்கள் தீவுகளுக்கு என்ன இருக்கிறது?

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆட்கள் ஏற முன்னமே சாமான் ஏறத் தொடங்கிவிடும். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, சோடாப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய காஸ் சிலிண்டர்கள். அவற்றுக்கு நடுவில், மூடியில் பொலித்தீன் சுற்றி இறுக்கிய வெள்ளைக் கான்களில் எரிபொருள். படகு ஆடும்போது கானுக்குள் அதுவும் ஆடும். முன்வரிசையில் இருப்பவர்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நெடுந்தீவு சேரக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். உப்பு மணமும் எண்ணெய் மணமும் சேர்ந்துதான் அந்தப் பயணத்தின் மணம்.

சோளகம் கிளம்பிவிட்டால் இந்த ஒரு மணித்தியாலமும் நிச்சயமில்லை. வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் கடல் திரைகட்டி எழும். சில நாள் படகு ஓடாது. துறையில் வந்து நின்றவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பிப் போவார்கள்.

எரிபொருள் கொண்டுவரும் படகை மறிக்கும் அந்தக் காற்று தானே ஓர் எரிபொருள். அது அடிக்கிற மாதத்தில் பிடித்து, அடிக்காத மாதத்துக்கு வைத்துக்கொள்ள ஒரு பாத்திரம் மட்டும் எங்களிடம் இல்லை. அந்தப் பாத்திரம் ஐதரசனாக இருக்க முடியுமா என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

கம்பி எட்டாத தீவுகள்

வேலணையும் ஊர்காவற்றுறையும் பண்ணைத் தாம்போதி வழியாகக் குடாநாட்டோடு ஒட்டிக்கொண்டவை. புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் தரைவழி உண்டு, மின்கம்பியும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்கும் அப்படியல்ல. அங்கே மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகள்தான் ஆதாரம். எழுவைதீவில் மட்டும் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு காற்றாடி, சூரியப் படல், மின்கலம், டீசல் நான்கையும் இணைத்த சிறு தொகுதி ஒன்று முன்னரே அமைந்தது.

மற்ற மூன்று தீவுகளின் கதை உலகப் பத்திரிகைகளில் வந்தது. 2021 ஜனவரியில் அந்தத் தொகுதிகளைக் கட்டும் வேலை சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டது. இராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சீனாவா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டிச் சீனத் தரப்பு வேலையை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியா கொழும்போடு உடன்படிக்கை செய்தது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரைச் சேர்ந்த யு-சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. நன்கொடை 11 மில்லியன் டொலர். கைமாறிக் கைமாறி மூன்று வருடம் போயிற்று. அந்த மூன்று வருடமும் தீவில் டீசல்தான் எரிந்தது. இதில் பீஜிங்குக்கோ புதுடில்லிக்கோ நட்டமில்லை.

┌─────────────
பெட்டி: மூன்று தீவுகளுக்குமான திட்டம்
சூரிய மின்: 1,700 கிலோவாற்று
காற்று மின்: 530 கிலோவாற்று
மின்கலச் சேமிப்பு: 2,400 அலகு (கிலோவாற்று மணி)
மாற்றேற்பாடான டீசல்: 2,500 கிலோவாற்று
└─────────────

கடைசி வரியை இன்னொரு தரம் பாருங்கள். வெயிலும் காற்றும் சேர்ந்தால் 2,230. ஆபத்துக்கு உதவ வைத்திருக்கும் டீசல் அதைவிடப் பெரியது. திட்டம் போட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 2,400 அலகு மின்கலம் ஓர் இரவைச் சமாளிக்க உதவும். மாரியில் மப்பும் மழையுமாக நாலைந்து நாள் வெயிலே எறிக்காவிட்டால், அல்லது சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கும் இடைவெளியில் காற்று செத்துப்போனால், மின்கலம் என்ன செய்யும்? அதற்குத்தான் டீசல்.

டீசலைப் பற்றி யாழ்ப்பாணத்துக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட உத்தரவிட்டதையும் பார்த்தவர்கள் நாங்கள். சுண்ணக்கல் பூமியில் மேலே சிந்துவது கீழே இறங்காமல் நிற்காது. நெடுந்தீவின் கல்லும் அந்தக் கல்தான். அங்கே நல்ல தண்ணீர்க் கிணறுகளை விரல்விட்டு எண்ணலாம்.

ஒரு தேத்தண்ணீர்க் கிளாசில்

நீரைப் பிளப்பது புதுச் சங்கதியல்ல. 1789இல் அம்ஸ்ரர்டாமில் பேற்ஸ் வான் ரூஸ்ற்விக் என்ற வணிகரும் டைமான் என்ற வைத்தியரும் மின்பொறி கொண்டு நீரை இரு வாயுக்களாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த வருடம் எங்கள் தீவுகள் ஒல்லாந்தர் கையில் இருந்தன. காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம் என்றும், வேலணைக்கு லைடன் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் அவர்கள் பெயர் வைத்திருந்த காலம். 1800இல் இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் வோல்ற்றாவின் புது மின்கலத்தால் அதை இலகுவாகச் செய்தார்கள்.

இன்றைக்கு ஒரு பிள்ளை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். 9 வோல்ற்று பற்றறி ஒன்று, இரண்டு பக்கமும் சீவிய பென்சில்கள் இரண்டு, துண்டு வயர், ஒரு கிளாசில் கடல் தண்ணீர். பென்சில்களின் கரிமுனைகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் சில விநாடியில் எதிர்முனையில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். அதுதான் ஐதரசன். நேர்முனையில் குமிழ் குறைவு. ஆனால் கிட்ட மூக்கைக் கொண்டுபோனால் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைய மணம் வரும். அது ஒட்சிசன் அல்ல, குளோரீன். வெளியில், காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான் இதைச் செய்யவேண்டும்.

பிறகு கடல் தண்ணீரை ஊற்றிவிட்டு, கிணற்றுத் தண்ணீரில் ஒரு கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துச் செய்து பாருங்கள். குமிழ் வரும், மணம் போய்விடும். இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் உலக ஆய்வுகூடங்கள் மல்லுக்கட்டும் சிக்கலில் பாதி அடங்கியிருக்கிறது.

நீரைப் பிளக்கக் கணக்குப்படி 1.23 வோல்ற்று போதும். நடைமுறையில் 1.8, 2 என்று கொடுக்கவேண்டியிருக்கிறது. கூடுதலாகக் கொடுப்பது சூடாகப் போகிறது. ஊக்கி என்பது மின்வாயின் மேலே இருந்துகொண்டு அந்தக் கூடுதலைக் குறைக்கும் பொருள். ஐதரசன் பக்கம் அவ்வளவு கரைச்சல் இல்லை. ஒட்சிசன் பக்கம்தான் கரைச்சல். ஓர் ஒட்சிசன் மூலக்கூறு பிறக்க நாலு இலத்திரன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறவேண்டும். குளோரீனுக்கு இரண்டு போதும். அதனால்தான் உப்புத் தண்ணீரில் அது முந்திக்கொள்கிறது.

இரிடியமும் இரும்பும்

இன்று கச்சிதமாகவும், காற்றும் வெயிலும் ஏறி இறங்குவதற்கு ஈடுகொடுத்தும் ஓடக்கூடிய மின்பகுப்புக் கருவி புரோத்தன் மென்சவ்வு வகை. அதன் உள்ளே கடும் அமிலச் சூழல். அதில் கரையாமல் நிற்க, ஒட்சிசன் பக்கம் இரிடியமும் மற்றப் பக்கம் பிளாற்றினமும் வேண்டும். முழு உலகிலும் ஒரு வருடத்துக்கு எடுக்கப்படும் இரிடியம் 7, 8 தொன் அளவுதான். ஒரு லொறியில் ஏற்றிவிடலாம். பெரும்பகுதி தென்னாபிரிக்காவில், பிளாற்றினம் எடுக்கும்போது கூடவே வருவது. மிக விலை கூடிய உலோகம்.

இன்னொரு வகை காரக் கரைசலில் ஓடுவது. அதற்கு நிக்கல் போதும். நோர்வேயில் 1920களின் கடைசியிலிருந்து நீர்மின்சாரத்தால் இப்படி ஐதரசன் எடுத்துப் பசளை செய்தார்கள். இந்தியாவில் பக்ரா அணையின் மின்சாரத்தால் நங்கலில் 1960களில் செய்தார்கள். எனவே மலிவான ஊக்கி என்பது நேற்றுப் பிறந்த கனவு அல்ல.

அந்த நிக்கலின் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஒரு பகுதி இருக்கிறது. நிக்கல் மின்வாய்கள் நன்றாக வேலை செய்கின்றன என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1987இல் கொரிகன் என்ற ஆய்வாளர், காரக் கரைசலில் அழுக்காகக் கலந்திருக்கும் துளி இரும்புதான் அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது என்று காட்டினார். இரும்பை ஒட்ட வடித்தெடுத்தால் நிக்கல் சோர்ந்துபோகிறது. துருவென்று நாங்கள் சுரண்டி எறியும் இரும்பு! அதன்பின் நிக்கலையும் இரும்பையும் வேண்டுமென்றே கலந்து, இதழ் இதழாக அடுக்கிய ஐதரொட்சைட்டாகப் படியவைக்கும் முறை வளர்ந்தது. 2013இல் ஸ்ரான்போர்ட்டில் ஹொங்ஜி டாயின் குழு வெளியிட்ட வேலைக்குப் பிறகு அது உலகமெங்கும் பரவியது. கார ஊடகத்தில் ஒட்சிசன் பக்கத்துக்கு இன்று இருக்கும் மிகச் சிறந்த ஊக்கிகளில் அதுவும் ஒன்று.

இந்த வேலையில் எங்கள் மொழிக்காரர்கள் வெறும் வேடிக்கை பார்க்கவில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலிருந்து 2016இல் அனந்தராஜும் குண்டுவும் அவர்களோடு நின்றவர்களும் இரும்பு, கோபால்ற்று, நிக்கல் ஊக்கிகள் பற்றி எழுதிய நீண்ட மதிப்பாய்வை உலகம் முழுவதும் மேற்கோள் காட்டுகிறார்கள். சென்னை ஐஐடியில் ராமபிரபுவின் குழு 2023இல் கடல்நீரைக் காரமாக்கிப் பிளக்கும் கருவியொன்றைக் காட்டியது. உலோகத் தாங்கிக்குப் பதில் கரித்தாங்கி, விலை கூடிய பிரிசவ்வுக்குப் பதில் செலுலோசு. திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் இரவிராஜன் சூரியக்கலப் பொருட்களில் பல்லாண்டாக வேலை செய்கிறார். நோர்வேயின் பேர்கனில் இருக்கும் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையோடு சேர்ந்து, தூய சக்திக்கான நனோப் பொருட்கள் என்ற தலைப்பில் மாணவர் பரிமாற்றமும் ஆய்வுமாக ஒரு கூட்டு நடந்திருக்கிறது.

கரித்தாங்கி என்றதும் எனக்கு ஊமற்கரி நினைவுக்கு வந்தது. பூரானைத் தோண்டித் தின்றுவிட்டு எறியும் பனங்கொட்டை ஓட்டைச் சுட்டு எடுக்கும் கரி. ஒரு காலத்தில் பல் விளக்கினோம். நுண்துளை நிறைந்த கரி அது. தீவகத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. இதை ஊக்கித் தாங்கியாகப் பதப்படுத்த முடியுமா என்பது யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் கையிலெடுக்கத் தக்க கேள்வி.

நிறுத்தும்போதுதான் கெடுகிறது

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் ஊக்கிகளைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. பெரும்பாலானவை சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லியம்பியர் ஓட்டத்தில், சுத்தமான கரைசலில், ஒரு நாளோ இரண்டு நாளோ சோதிக்கப்பட்டவை. தொழிற்சாலைக் கருவி அதைப்போல முப்பது, ஐம்பது மடங்கு ஓட்டத்தில் வருடக்கணக்காக ஓடவேண்டும்.

தீவுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. கார வகைக் கருவி ஒரே சீராக ஓடினால் பத்து வருடமும் ஓடும். முகில் மறைத்து மறைத்து வெயில் வரும்போது, காற்று எழும்பி விழும்போது, கருவி நின்று நின்று ஓடும். நிற்கிற கணத்தில் உள்ளே மின்னோட்டம் திசை திரும்பிப் பாய்கிறது. அப்போதுதான் ஊக்கிப்பூச்சு ஒட்சியேறுகிறது, உதிர்கிறது. மிகக் குறைந்த சுமையில் ஓடினால் ஐதரசன் மறுபக்கம் கசிந்து ஒட்சிசனோடு கலக்கும் அபாயமும் சேர்கிறது. ஆகவே எங்களுக்கு வேண்டியது, ஒரு நாளில் இருபது தரம் நிறுத்தி ஓட்டினாலும் தாங்குகிற ஊக்கி. உலகில் எத்தனையோ பேர் தேடுகிற வேகத்தைவிட இந்தத் தாங்குதிறன்தான் தீவுக்குப் பெரிது. நிக்கல்-இரும்பு ஊக்கியையும் மென்சவ்வின் கச்சிதத்தையும் சேர்க்கப் பார்க்கும் அனயன் மென்சவ்வு வகை இந்த இடத்தில் நம்பிக்கை தருகிறது. ஆனால் அந்த மென்சவ்வின் ஆயுள் இன்னும் போதவில்லை.

கிணற்றில் கை வைக்காமல்

ஐதரசன் என்றதும் தீவில் முதலில் எழக்கூடிய பயம் தண்ணீரைப் பற்றியது. நியாயமான பயம். நெடுந்தீவில் சாரப்பிட்டிக் கிணற்றுத் தண்ணீரின் அருமை அங்கே குடமெடுத்து நடந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கிணறுகளிலிருந்து ஒரு வாளிகூட இதற்கு எடுக்கக் கூடாது.

எடுக்கத் தேவையும் இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஐதரசனுக்கு 9 கிலோ நீர், கழிவோடு 10 லீற்றருக்குச் சற்று மேலே. அதைப் பிளக்க 50 முதல் 55 அலகு மின்சாரம். கடல்நீரை எதிர்ச்சவ்வூடு பரவலால் நன்னீராக்க 1,000 லீற்றருக்கு 3, 4 அலகு. அப்படியானால் அந்தப் பத்து லீற்றரை உப்பகற்ற ஆகும் மின்சாரம் ஓர் அலகில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். கடல்நீரை நேரடியாகப் பிளக்கும் ஊக்கிகளைப் பற்றி வரும் பரபரப்பை நான் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்கிறேன். 2019இல் ஸ்ரான்போர்ட் குழு 1,000 மணித்தியாலத்துக்கு மேல் அப்படி ஓட்டியது. 2022இல் சீனாவில் ஷி ஹெபிங் குழு நீராவியை மட்டும் உள்ளே விடும் சவ்வினால் 3,200 மணித்தியாலம் ஓட்டியது. அழகான விஞ்ஞானம். ஆனால் உப்பகற்றுவது இவ்வளவு மலிவாக இருக்கையில், குளோரீனோடு மல்லுக்கட்டும் கருவியைத் தீவில் கொண்டுவந்து வைக்க அவசரமில்லை. 2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கு, தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்தத் தொழில் தெரிந்த ஆட்கள் இப்போது எங்களிடமே இருக்கிறார்கள்.

ஐதரசனுக்கென்று வைக்கும் உப்பகற்றும் கருவியைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால், மிச்சத் தண்ணீர் குடத்துக்குப் போகும். ஒரு கிலோ ஐதரசனோடு 8 கிலோ ஒட்சிசனும் பிறக்கிறது. உரிய முறையில் சுத்திகரித்துச் சோதித்தால் தீவு ஆஸ்பத்திரிக்குப் பயன்படும். காற்றடிக்கும் நாளில் நோயாளியைப் படகேற்ற முடியாமல் காத்திருக்கும் இடத்தில் அது சின்ன விசயமல்ல.

┌─────────────
பெட்டி: 500 அலகு மிஞ்சினால்
ஒரு பேச்சுக்கு, சோளக நாளொன்றில் 500 அலகு மின்சாரம் மிஞ்சியதென்று வைப்போம்.
அதைக் கொண்டு எடுக்கக்கூடியது ஏறத்தாழ 9 கிலோ ஐதரசன். ஒரு பரலின் பாதித் தண்ணீர் போதும்.
அந்த 9 கிலோவை எரிபொருட் கலத்தில் திரும்ப மின்சாரமாக்கினால் கிடைப்பது 150 அலகு அளவில்.
இதே 500 அலகை மின்கலத்தில் ஏற்றியிருந்தால் 400க்கு மேல் திரும்பியிருக்கும். ஆனால் கார்த்திகை வரை அதை வைத்திருக்க முடியாது.
└─────────────

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடுகிறதே என்று கேட்பீர்கள். உண்மை. ஊக்கி எவ்வளவு மலிந்தாலும் இந்த இழப்பு முழுதாக மாறாது. அதனால் அன்றாட இரவுக்கு மின்கலம்தான். வீணாகப் போகவிருக்கும் காற்றை மாரிக்கு எடுத்துவைக்க மட்டும் ஐதரசன். தீவு முழுவதும் ஐதரசனில் ஓடும் என்று யாராவது வந்து சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

நோர்வேத் தீவு ஒன்று

இதைச் செய்து பார்த்த தீவு இருக்கிறது. நோர்வேயின் மேற்குக் கரைக்கு அப்பால் உற்சிரா. 2004 முதல் 2008 வரை அங்கே காற்றாடி மின்சாரத்தின் மிச்சத்தில் ஐதரசன் எடுத்து, காற்றில்லாத நாளில் பத்து வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். வேலை செய்தது. ஆனால் செலவு கையைக் கடித்தது, இழப்பும் அதிகம். நிறுத்திவிட்டார்கள். ஸ்கொத்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் 2017இலிருந்து, கம்பியில் ஏற்ற முடியாமல் வீணாகிய காற்று, வற்றுப்பெருக்கு மின்சாரத்தை ஐதரசனாக்கிக் கப்பலில் பக்கத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நோர்வேக்கும் எங்கள் தீவகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1960களின் கடைசியில் நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் படகுத்தளம் கண்ணாடி இழைப் படகுகளை எங்கள் கடலுக்குப் பழக்கியது. அது வேரூன்றியதற்கு ஒரு காரணம், படகு உடைந்தால் ஒட்டத் தெரிந்த கைகள் காரைநகரிலேயே உருவானதுதான்.

படகென்றால் இன்னொன்றும் சொல்லவேண்டும். 2024 பெப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து இந்தியப் பிரதமர் தொடக்கிவைத்த படகு ஐதரசன் எரிபொருட் கலத்தில் ஓடுவது. கொச்சியில் கட்டியது, காசிக்காக, 50 பேர் ஏறலாம். 2025 செப்ரெம்பரில் அதே தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பச்சை ஐதரசன் மாதிரி நிலையம் ஒன்று திறந்தார்கள். கங்கையில் ஓடும் படகு சோளகக் கடலில் ஓடாது, தெரியும். ஆனால் குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் இருப்பது கால் மணித்தியாலக் கடல். அம்மன் திருவிழாவுக்கும் நாகவிகாரைக்கும் ஆயிரக்கணக்கில் சனம் கடக்கும் துறை அது.

பழுதானால் யார் வருவது?

2023இல் இலங்கையின் தேசிய ஐதரசன் வழிவரைபடம் வெளிவந்தது. வடக்கின் காற்றைப் பெருமளவில் பிடித்து ஏற்றுமதி செய்யும் பேச்சும் அதோடு வளர்ந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலை கட்டவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. இவையெல்லாம் எங்கள் தலைக்கு மேலால் போகும் சங்கதிகள். தீவாருடைய கேள்வி வேறு.

ஒரு நட்டு கழன்றால், ஒரு சவ்வு கிழிந்தால், யார் வருவது? எத்தனை நாளில்? உப்புக்காற்றில் சைக்கிள் கம்பி ஒரு வருடத்தில் செம்மண் நிறமாகும் இடம் இது. இரிடியம் பூசிய தட்டொன்று கெட்டால் அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். நிக்கல் வலையில் இரும்பு சேர்த்துப் பூசுவதற்கு ஒரு தொட்டி, ஒரு மின்வழங்கி, இரண்டு உப்புகள், பழகிய கை போதும். தீவில் செய்ய முடியாவிட்டாலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலோ யாழ்ப்பாணத்துப் பட்டறையிலோ செய்யலாம். மலிவான ஊக்கியின் பெரிய பலன் விலையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு கிலோ ஐதரசனின் விலையில் பெரும்பங்கு மின்சாரத்துக்குத்தான் போகிறது. பழுதான கருவியைத் திறந்து பார்க்க எங்கள் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும். எனக்கு அதுதான் பெரிது.

ஆகவே மில்லியன் டொலர் தொகுதியை யாராவது கொண்டுவந்து இறக்கும்வரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். எழுவைதீவுத் தொகுதியின் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டில். அதற்குள் கைக்கடக்கமான மின்பகுப்புக் கலங்கள் நாலைந்து. ஒன்றில் வெறும் நிக்கல் வலை, ஒன்றில் இரும்பு சேர்த்தது, ஒன்றில் ஊமற்கரித் தாங்கி. பல்கலைக்கழக மாணவர்கள் பூசிக் கொடுக்கட்டும், தீவுப் பள்ளிக்கூடத்து உயர்தரப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் வோல்ற்றளவை எழுதி வைக்கட்டும். முகில் மறைத்தால் நிற்கட்டும், வெயில் வந்தால் ஓடட்டும். ஒரு சோளகம், ஒரு வாடை. பிறகு வலைகளை வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்து, தங்க நகைக் கடைத் தராசு போன்ற ஒரு நுண்தராசில் ஒவ்வொன்றாக வைத்து, எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.